சிவக்கொழுந்தைக் கூட்டிக்கொண்டு வரவும்

1

போன சித்திரையில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். நெடுநேரமாகக் கதிரையில் இருக்கிறேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய், வாய் விறைத்து, வெளியே வந்துவிட்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் "மிஸ்டர் ரவீந்திரன்! மிஸ்டர் ரவீந்திரன்!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சுற்றிவரப் பார்த்தேன். ஆரடா இந்தச் செவிடன், கூப்பிடக் கூப்பிட எழும்பாமல் இருக்கிறான் என்று எனக்கு எரிச்சல் வேறு. கடைசியில் பக்கத்தில் இருந்த என் மகள் அபிநயா முழங்கையால் இடித்து, "அப்பா, அது நீங்கள்" என்றாள்.

உண்மைதான், அது நான்தான். சில கிழமைகளுக்கு முன்னர்தான் சட்டப்படி அந்தப் பெயருக்கு உரியவனாகியிருந்தேன். அரசாங்கம் முத்திரை குத்தித் தந்த பத்திரம் வீட்டு அலுமாரியில், வனிதாவின் கல்யாணச் சேலைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. பத்திரம் இருந்து என்ன? காதுக்கு இன்னும் அறிவித்தல் போய்ச் சேரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, ஒரு மனிசன் ஐம்பது வயதுக்கு மேல் தன் பெயரை ஏன் மாற்றப் போனான், இவனுக்கு அங்கே குளிரில் மூளை இறுகிவிட்டதோ என்று தோன்றும். பொறுங்கள், சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு ஏசுங்கள்.

2

திருகோணமலையில் நான் சி. ரவீந்திரன். புள்ளிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் நான். ஒருவருக்கொருவர் கரைச்சல் இல்லை. அப்பா சிவக்கொழுந்து, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து இளைப்பாறியவர். பெரிய பெரிய கப்பல்களையெல்லாம் கயிறு போட்டு இழுத்தவர். தான் மட்டும் கொழும்புக்கு அப்பால் எங்கேயும் போனதில்லை. இப்போது அன்புவழிபுரத்தில் அக்காவோடு இருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிசனை நான் கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ஆள் வரவில்லை, பெயர் வந்தது. இந்த நாட்டில் முதல் எழுத்தைப் போட்டு ஒரு புள்ளி வைத்தால் விடமாட்டார்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்துக்குள் அப்பா ஏறி உட்கார்ந்தார். அன்று தொடக்கம் வங்கியில், ஆஸ்பத்திரியில், வரிக்காரனிடம், பொலிஸ்காரனிடம் எல்லாம் நான் மிஸ்டர் சிவக்கொழுந்து. பண்டகசாலை வேலைக்குப் போனேன். அங்கே முழுப் பெயரும் வாயில் வராமல் "சிவா" ஆக்கினார்கள். "சிவா, இந்தப் பெட்டியை இறக்கு. சிவா, சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது, எழும்பு." அப்பாவை ஒரு பொடியன் பேர் சொல்லி ஏவுகிறானே என்று முதல் மாதம் முழுக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது. எங்கேயாவது "மிஸ்டர் சிவக்கொழுந்து" என்றால் எழும்புவேன். ஆனால் எழும்ப முதல் ஒருக்கால் திரும்பிப் பார்ப்பேன், அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று.

மனைவி வனிதா தம்பிராசா. அது அவளுடைய அப்பா. மகள் அபிநயா ரவீந்திரன். அது நான். ஒரு வீட்டுக் கதவில் மூன்று குடும்பப் பெயர். தபால்காரன் இது ஏதோ விடுதி என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அமெரிக்காவுக்குக் காரில் போனோம். எல்லையில் நின்ற அதிகாரி மூன்று கடவுச்சீட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒருவரையொருவர் எப்படி அறிவீர்கள்?" என்று கேட்டான். வனிதா குனிந்து, தன் ஆங்கிலத்தில், "ஐ நோ ஹிம் டூ மச்" என்றாள். வண்டியை ஓரமாக விடச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தியும் கலைந்திருந்தது.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து அபிநயா சொன்னாள்: "வகுப்பில எல்லாருக்கும் வீட்டில ஒரே பேர். எங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடி? எல்லாரும் ரவீந்திரன் ஆனால் என்ன?"

பதினைந்து வயதுப் பிள்ளை எங்களோடு சேர்ந்திருக்க ஒரு வழி கேட்கிறது என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்போதெல்லாம் அவள் எங்களிடம் கேட்பதே இணையக் கடவுச்சொல் ஒன்றைத்தான். சரி என்று விண்ணப்பித்தேன். குடும்பப் பெயர் ரவீந்திரன். அப்படியானால் முன் பெயர்? அதற்கும் ஒன்று வேண்டுமாம். ரவி என்று போட்டேன். ரவி ரவீந்திரன். வனிதாவின் முறை வந்தபோது அவள் கையொப்பம் வைக்கவில்லை. "என்ர அப்பாவை நான் விடமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் உங்கட அப்பாவை விட்டிட்டு வாங்கோ" என்றாள். மூன்று பெயர் இரண்டானதுதான் மிச்சம்.

அபிநயா புதுப் பத்திரத்தைப் பார்த்து யோசித்தாள். "அப்பா, ரவீந்திரன் எண்டது என்ர அப்பான்ர பேர். இப்ப உங்கட அப்பான்ர இடத்திலயும் அதுதான் இருக்கு. அப்ப நீங்கள் எனக்கு அண்ணாவோ?"

பத்திரத்தை வாங்கிக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன். பிள்ளைகள் தமிழ் முறையைப் படிக்கவில்லை என்று கவலைப்படுகிறோம். படித்தால் இப்படித்தான் படிக்கின்றன.

3

வைகாசியில் வனிதாவுக்கு ஒரு வீடு அகப்பட்டது. நாங்கள் இருப்பது பதினோராம் மாடி. அவள் இந்த நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து ஒரே கதைதான்: "எனக்கு நிலத்தில ஒரு வீடு வேணும். ஒரு கறிவேப்பிலைக் கண்டு வைச்சால் அது மண்ணில நிக்கோணும், வாளிக்குள்ள இல்லை." வாளிக்குள் வைத்த கண்டுகள் ஒவ்வொரு மாரியிலும் செத்தன. ஒவ்வொரு சாவுக்கும் அவள் என்னைத்தான் பார்ப்பாள்.

இது சின்ன வீடு. பின்னால் கொஞ்ச நிலம். விற்கிறவர் நல்ல மனிசர். வங்கியின் சம்மதத்தை இரண்டு கிழமைக்குள் கொண்டுவந்தால் வீடு உங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார். வனிதா அன்றைக்கே யன்னலுக்குச் சீலை அளந்துவிட்டாள்.

இங்கே ஒருவனுடைய நாணயத்தை முகத்தில் பார்ப்பதில்லை. எங்கேயோ ஒரு கடன் பதிவு இருக்கும். நீ எந்தக் கட்டணத்தை எப்போது கட்டினாய், எந்த மாதம் பிந்தினாய் என்று உன்னைவிட அதற்குத் தெரியும். வனிதாவோடு வங்கிக்குப் போனேன். மெலிசா என்று ஒரு பெண், நல்ல சிரிப்பு. என் பெயரைத் தட்டிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"மிஸ்டர் ரவீந்திரன், நீங்கள் இந்த நாட்டுக்கு இப்போதுதான் வந்தீர்களா?"

"இல்லை, கனகாலம்."

"உங்கள் பதிவில் ஒரு கைபேசிக் கணக்கு மட்டும் இருக்கிறது. அதுவும் போன மாதம் தொடங்கியது. இதற்குக் கடன் தரமாட்டார்களே."

பழைய பெயரைச் சொன்னேன். மறுபடி தட்டினாள். முகம் விளக்கேற்றினாற்போல ஆனது. "ஓ, மிஸ்டர் சிவக்கொழுந்து! அருமையான மனிதர். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. இவருக்கு இன்றைக்கே கொடுப்பார்கள்."

"அது நான்தான்."

"இருக்கலாம்" என்றாள், மிகப் பணிவாக. பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு உதவி செய்கிற எண்ணத்தோடு, "ஒன்று செய்யுங்களேன். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் உங்களுக்குப் பிணை நின்றால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பை வனிதாவின் முகம் அடக்கிவிட்டது.

பெயர் மாற்றப் பத்திரத்தைக் கொடுத்தேன். மெலிசா அதைப் பதிவுக்காரருக்கு அனுப்பினாள். மறுமொழி வந்தது: பழைய ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். ரவீந்திரன் சிவக்கொழுந்து ஒருவர். சிவக்கொழுந்து ரவீந்திரன் இன்னொருவர். வந்த புதிதில் ஒரு தொலைபேசிக்காரன் முன்னைப் பின்னாக்கிப் பதிந்து, அது தனியே வளர்ந்து ஆளாகிவிட்டது. பெயர் மாற்றப் பத்திரம் அவர்களில் ஒருவருக்கு மட்டும்தான் செல்லுமாம். எல்லாரும் ஒரே ஆள் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்றார்கள். காட்டினேன். அதில் பெயர் என்ற இடத்தில் ரவீந்திரன், அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊரில் பிள்ளைக்கு ஒரு பெயர் போதும் என்றுதானே எழுதினார்கள்.

மெலிசா கடைசி வழி ஒன்று சொன்னாள். பிறந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்த ஒருவர், இந்தப் பெயர்க்காரர் எல்லாரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும்.

"மாமாதான்" என்றாள் வனிதா.

 என் பெயரிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டதை நான் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

4

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஊர்க்கடை ஒன்று நினைவுக்கு வந்தது. துறைமுக வீதியில் இருந்தது. முதலாளி தலையை நிமிர்த்தமாட்டார். பாண், சீனி, மண்ணெண்ணெய் என்று சொன்னால், "ஆற்ர மோன்?" என்று தகப்பன் பெயரை மட்டும் கேட்பார். "சிவக்கொழுந்தற்ர" என்றால் சாமான் வரும், காசு பிறகு வரும். என் பெயரை அந்த மனிசன் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கென்று ஒரு பெயர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அங்கே என் பெயரைச் சொல்லி ஒரு தேங்காயும் கிடைத்திராது. இங்கேயும் அப்பா பெயரில்தான் எல்லாம் கிடைத்திருக்கிறது. கட்டினது நான், நல்ல பெயர் எடுத்தது சிவக்கொழுந்து. கடல் தாண்டி வந்து இத்தனை வருசமாகியும் கடைக்காரனின் கேள்வி மாறவில்லை. அதை விளங்கிக்கொள்ளாமல் நான் போய்ப் பதிலை அழித்திருக்கிறேன். மடையன் என்றால் என்னைப்போல ஒரு மடையன் இருக்கமாட்டான்.

அந்தக் கடையில் நிற்கும்போதுதான் அம்மா ஒழுங்கை முனையில் வந்து நின்று கூப்பிடுவா. "நெத்தலீ!" அவ்வளவு மெலிவு நான் அப்போது. பொடியன்கள் சிரிப்பார்கள். வெட்கத்தில் செத்துப்போவேன். ஆனாலும் வாயில் இருக்கிற சூப்புத்தடி மிட்டாயோடு, "ஓம்!" என்று பதில் குரல் கொடுத்துவிட்டுத்தான் ஓடுவேன். குரல் கொடுக்காவிட்டால் அவ கூப்பிட்டுக்கொண்டே இருப்பா. வீதி முழுக்கக் கேட்கும். அம்மாவைத் தவிர வேறு ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவ போன பிறகு அது கேட்கவும் இல்லை. இப்போது என்னுடைய பருமனுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் மீனுக்கே கோபம் வரும்.

5

இங்கே காலமை, அங்கே பின்னேரம். அக்கா கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றியும் மின்விசிறியும் தெரிந்தன.

"அப்பா, ஒரு சின்ன அலுவல்."

"சின்ன அலுவலுக்கு நீ வேலைக்குப் போற நேரம் எடுக்கமாட்டாய். சொல்லு."

சுற்றி வளைத்துச் சொன்னேன். வீடு, வங்கி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் பெயருக்கு வந்தேன்.

"அப்ப இப்ப உன்ர பேர் என்ன?"

"ரவி ரவீந்திரன்."

"ரவீந்திரன்ர மோன் ரவி."

"அப்பிடி இல்லையப்பா, இஞ்ச குடும்பப் பேரெண்டு..."

"அங்கத்தைக் கதை எனக்கு வேண்டாம். ரவீந்திரன் ஆர்?"

"நான்."

"ரவி?"

"அதுவும் நான்தான்."

"அப்ப நீயே உனக்குத் தேப்பன். நான் ஆரடா? அந்த வீட்டில வாடகைக்கு இருந்தவனோ?"

அக்கா சிரிப்பை அடக்கியதில் கைபேசி ஆடியது. அப்பா சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு எழுத்து. உன்ர பேருக்கு முன்னால ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். அது உனக்குப் பாரமாப் போச்சுதோ?"

"இஞ்ச எழுத்து இல்லையப்பா. உங்கட முழுப் பேரையும்தான் போட்டிருந்தவங்கள்."

நெற்றி திரைக்குக் கிட்ட வந்தது. "முழுப் பேரையுமோ?"

"ஓம்."

"வங்கியிலயும்?"

"ஓமப்பா. வங்கி, ஆஸ்பத்திரி, வேலை எல்லா இடத்திலயும். என்னை ஆருக்கும் தெரியாது. சிவக்கொழுந்து எண்டால்தான் தெரியும்."

"வெள்ளைக்காரன் சொல்லுவானோ?"

"ஒரு மாதிரிச் சொல்லுவான்."

"இவ்வளவு காலமும் கனடாவில என்ர பேரைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாங்கள்" என்றார் அப்பா, அக்காவைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். "ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. சொல்லுறது எப்ப? எடுத்துப்போட்ட பிறகு!"

எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வேலைக்குப் பிந்திவிட்டது, அதனால் அழவில்லை.

பொழுதுபட்டதும் அக்கா குரல்செய்தி போட்டாள். "அப்பா சோறு வேண்டாமெண்டிட்டார். பயந்திடாதை, பிட்டுக் கேட்டவர். அவ்வளவு கோவமில்லை."

6

பிட்டுச் சாப்பிட்டும் மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. வனிதா யன்னல் சீலைக்கு வாங்கின துணியைப் பையோடு கதவடியில் வைத்திருந்தாள், திருப்பிக் கொடுக்கப் போகிறவள் மாதிரி. என்னோடு கதைக்கவில்லை. நாட்காட்டியோடு கதைத்தாள்.

நாலாம் நாள் அக்கா எடுத்தாள். அப்பா கிண்ணியாவுக்கு ஆள் அனுப்பித் தன் பழைய கூட்டாளி ஜவாத் மாஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார். மாஸ்டர் சமாதான நீதவான், சத்தியக்கடதாசிக்கு முத்திரை வைக்கிறவர். இரண்டு பேரும் டவுனுக்குப் போய் எழுதி, தட்டச்சு அடித்து, ஒப்பமும் வைத்தாகிவிட்டது.

"அப்ப அனுப்பன் அக்கா!"

"மான் திண்டிட்டுது."

"என்னது?"

"பஸ் நிலையத்தடியில சைக்கிள் கரியரில வைச்சிட்டு ரெண்டு கிழவரும் தேத்தண்ணி குடிக்கப் போனவை. வந்து பாத்தால் மான் நிண்டு சப்புது. முத்திரை மட்டும்தான் மிச்சம்."

டவுனில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்களைத் தெரிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. எனக்கும் இல்லை. ஆனால் மான்தான் தின்றதா, அப்பாதான் ஊட்டினாரா என்று ஒரு சந்தேகம் இருந்தது. மெலிசாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் பரிவோடு தலையாட்டினாள். அவளுடைய பூச்செடியையும் மான்தான் தின்கிறதாம். இத்தனை வருசத்தில் ஊரைப் பற்றி நான் சொன்ன ஒன்றை இந்த நாட்டில் ஒருவர் உடனே நம்பியது அன்றைக்குத்தான்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் கைபேசியில் படம் வந்தது. புதுச் சத்தியக்கடதாசி. சிவக்கொழுந்து ஆகிய நான் உண்மையாகவும் பயபக்தியாகவும் வெளிப்படுத்துவது என்னவென்றால், என்று தொடங்கி, ரவீந்திரன் என்றும், ரவீந்திரன் சிவக்கொழுந்து என்றும், சிவக்கொழுந்து ரவீந்திரன் என்றும், ரவி ரவீந்திரன் என்றும் அழைக்கப்படும் அனைவரும் ஒருவரே என்றும், அவர் என்னுடைய சொந்த மகனே என்றும் போயிருந்தது. "சொந்த மகனே" என்பதற்குக் கீழே கோடு. எல்லாம் சரி. ஆனால் பெயர்களின் கடைசியில் ஒன்று கூடுதலாக இருந்தது. "நெத்தலி என்றும்."

உடனே எடுத்தேன். "அப்பா, இதை ஏன் போட்டனீங்கள்? வங்கியில சிரிக்கப்போறாங்கள்."

மாஸ்டர் பக்கத்தில் இருந்தார் போல. "தம்பி, நான்தான் கேட்ட. சிவக்கொழுந்தண்ணன், பொடியனுக்கு வேற பேர் ஏதும் இரிக்கா, இரிந்தா எல்லாம் சொல்லணும், சத்தியம் இல்லையா எண்டு" என்ற குரல் கேட்டது.

அப்பா கைபேசியை வாங்கினார். "என்ர பேரை எடுத்துப்போட்டாய். சரி, உன்ர பிள்ளை கேட்டாள், எடுத்தாய். கொம்மா வைச்ச பேரை எடுக்க உனக்கு ஏலாது. அதுக்கு நான் சத்தியம் பண்ணிப்போட்டன்." வைத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். மனிசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதைப் பேராப் போடுறதோ, மீனாப் போடுறதோ?" என்று கேட்டார். பேராகப் போடச் சொன்னேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வனிதா அன்று இரவு ஒன்றும் சமைக்கவில்லை.

கெடு முடிகிற அன்று பண்டகசாலையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. மெலிசாவின் குரல். பதிவுக்காரர் எல்லா ஆட்களையும் ஒன்றாக்கியதில் அவளுடைய கணினிக்கு எது இப்போதைய பெயர் என்று குழப்பம் வந்து, கடைசியாகச் சேர்த்ததைத் தூக்கி மேலே போட்டிருக்கிறது. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"ஹலோ, மிஸ்டர் நெத்தலி?"

"ஓம்!" என்றேன்.

ஒழுங்கை முனைக்குக் கேட்கிற சத்தம். பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெலிசாவுக்கு விளங்கவில்லை. நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சம்மதம் கிடைத்துவிட்டது, வீடு உங்களுக்குத்தான், வாழ்த்துக்கள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். வனிதாவுக்கு உடனே சொல்ல வேண்டும், கறிவேப்பிலைக் கண்டை மண்ணில் வைக்கலாம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. ஆனால் நான் கைபேசியை வைக்கவில்லை.

"மெலிசா, அந்தப் பெயர் பதிவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொருக்கால் கூப்பிடுங்கள்" என்றேன்.

அவள் கவனமாக, எழுத்து எழுத்தாகக் கூப்பிட்டாள்.

"ஓம்" என்றேன். "சரியாத்தான் இருக்கு."